மூச்சு எதுவரை போகிறது?

"மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." ஸ்கேன் அறையில் ஒரு நாளில் நான் அதிகமாகச் சொல்வது இதைத்தான். கல்லீரலோ இதயமோ, எதைப் படமெடுத்தாலும் நோயாளியின் மூச்சு எங்களுக்கு இடைஞ்சல். மூச்சு விட்டால் உடம்பு அசையும், அசைந்தால் படம் கலங்கும். அதனால்தான் பிடித்து வைக்கச் சொல்கிறோம். அந்த மூச்சையே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை ஒன்று இப்போது வெளிநாட்டு மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளி ஒரு வாயுவை உள்ளே இழுத்துச் சில நொடிகள் பிடித்துக்கொள்கிறார். அந்த வாயு நுரையீரலின் எந்த மூலை வரை போனது, எங்கே போகவில்லை என்பது படமாகத் திரையில் வருகிறது. அந்த வாயுவின் பெயர் செனான்.

இதை நான் அக்கறையோடு தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை எனக்குப் பிறந்த ஊர். பட்டு நெசவு ஊர். அப்பா தறியில் உட்கார்ந்தார், பெரியப்பா சாயம் போட்டார். நான் படித்து எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் ஆனேன்.

சாயம் போடுவது நின்றபடி செய்யும் வேலை. பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும், கீழே விறகு எரியும். முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பட்டின் பசையை எடுக்க வேண்டும். பிறகு சாயத்தண்ணீரில் நூல் கட்டுகளைக் கம்பில் மாட்டி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும்படி விடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்துக்கு நேராக ஆவி, காலடியில் விறகுப் புகை. பெரியப்பா பீடி சிகரெட் தொட்டவர் இல்லை. ஆனாலும் வயது ஏற ஏற அவருக்கு இளைப்பு வந்தது. முதலில் மாடிப்படி, அப்புறம் கோயில் பிராகாரம், கடைசியில் தெருக்கோடி வரை நடப்பதே பாரமானது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சி.டி. எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, படத்துல ஒண்ணும் இல்லைன்னா இந்த மூச்சு வாங்குறது யாருக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயும் சி.டி.யும் நுரையீரலின் வடிவத்தைக் காட்டும். கட்டி இருக்கிறதா, சளி கோத்திருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்று காட்டும். காற்று உள்ளே போய் வருகிறதா, போன காற்றிலிருந்து பிராணவாயு ரத்தத்தில் சேருகிறதா என்பதை அவை நேரடியாகக் காட்டுவதில்லை. சின்னச் சின்ன மூச்சுக் குழல்கள் சுருங்கிப் போயிருந்தாலும் சி.டி.யில் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியலாம். அதனால் "படம் நார்மல்" என்பதை "நோய் இல்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நுரையீரல் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

எம்.ஆர்.ஐ. மெஷின் படமெடுப்பது ஹைட்ரஜன் அணுவின் கருவை வைத்து. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, கொழுப்பிலும் இருக்கிறது. அந்தக் கரு ஒவ்வொன்றும் மிக நுண்ணிய காந்தம். மெஷினின் பெரிய காந்தத்துக்குள் உடம்பை வைத்ததும் இந்த நுண்காந்தங்கள் அதன் திசையிலும் எதிர்த்திசையிலுமாக நிற்கின்றன. இரண்டும் ஏறத்தாழ சமமாகவே இருக்கும். 1.5 டெஸ்லா காந்தபலம் உள்ள மெஷினில் பத்து லட்சம் கருக்களுக்குச் சுமார் 5 கருக்கள்தான் ஒரு பக்கம் கூடுதல். அந்தக் கூடுதலை ரேடியோ அலையால் தட்டி, அது திருப்பித் தரும் சமிக்ஞையைப் பிடித்துத்தான் இத்தனை தெளிவான மூளைப் படத்தை வாங்குகிறோம். தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அந்தச் சொற்பக் கூடுதலே போதுமானதாகிறது.

நுரையீரலில் அந்த வசதி இல்லை. அங்கே இருப்பதில் பெரும்பகுதி காற்று. திசு மெல்லியது, தண்ணீர் குறைவு. 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருப்பதால் திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லைகள் கணக்கில் அடங்காதவை. அந்த எல்லைகளில் காந்தப்புலம் குழம்பி, வரும் கொஞ்ச சமிக்ஞையும் ஓரிரு மில்லி செகண்டில் செத்துப்போகிறது. ஆகவே நாங்கள் தினமும் எடுக்கும் படங்களில் இதயம், முதுகெலும்பு, கல்லீரல் எல்லாம் துலக்கமாக இருக்கும், இருபக்கமும் நுரையீரல் மட்டும் கறுப்பாகக் கிடக்கும். மூச்சுத் திணறலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கறுப்பைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

நரம்பில் ஏற்றும் கடோலினியம் மருந்து ரத்தம் ஓடும் பாதையைக் காட்டும். காற்று போகும் பாதையைக் காட்ட வேண்டுமானால் மருந்தும் காற்றோடுதான் போக வேண்டும்.

1898-ல் கிடைத்த வாயு

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் செனான் இருக்கிறது. ஆனால் ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. லண்டனில் வில்லியம் ராம்சேயும் அவருடைய இளம் கூட்டாளி மோரிஸ் டிராவர்ஸும் 1898-ல் திரவக் காற்றைப் பதமாக ஆவியாக்கிப் பிரித்தபோது கிரிப்டான், நியான், செனான் என்று மூன்று வாயுக்களை அடுத்தடுத்த மாதங்களில் கண்டெடுத்தார்கள். செனான் எதோடும் எளிதில் சேராது. உடம்புக்குள் போனாலும் வேதிமாற்றம் எதுவும் அடையாமல் மூச்சோடு வெளியே வந்துவிடும். கொழுப்பிலும் ரத்தத்திலும் கரையும். அதிக அளவில் கொடுத்தால் மயக்கம் தரும். 1951-லேயே அமெரிக்காவில் மனிதர்களுக்கு அறுவை சிகிச்சை மயக்க மருந்தாக இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

இயற்கையில் கிடைக்கும் செனானில் சுமார் கால் பங்கு செனான்-129 என்ற வகை. அதன் கருவும் ஹைட்ரஜன் கருவைப் போலவே ஒரு நுண்காந்தம், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் வாயு என்பதால் தண்ணீரோடு ஒப்பிட்டால் அடர்த்தி மிகமிகக் குறைவு. சும்மா இழுத்துப் பிடித்தால் மெஷினுக்கு எதுவும் கேட்காது. அந்தக் கருக்களில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே ஒரே பக்கம் திருப்பிவிட்டுப் பிறகு மூச்சில் கொடுத்தால்தான் படம் வரும். ஹைப்பர்போலரைஸ்டு செனான் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

திருப்புவதற்கு லேசர் உதவுகிறது. கண்ணாடிக் கலத்துக்குள் ரூபிடியம் என்ற உலோகம் துளி வைத்துச் சூடாக்குகிறார்கள், அது ஆவியாகிறது. 795 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை ஒரே சுழற்சியில் செலுத்தினால் ரூபிடியம் அணுக்களின் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கின்றன. ஒளியால் அணுக்களை இப்படி ஒழுங்குபடுத்தும் வித்தையைக் கண்ட பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரட் காஸ்லருக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆவி வழியே ஹீலியம், நைட்ரஜனோடு கலந்த செனானை மெதுவாக ஓடவிடுகிறார்கள். செனான் அணு ரூபிடியத்தோடு மோதும்போது எலக்ட்ரானின் திசை செனான் கருவுக்குக் கைமாறுகிறது. அடுத்து அந்தக் கலவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் குளிரைக் கடக்கிறது. செனான் மட்டும் உறைந்து தங்குகிறது, மற்ற வாயுக்கள் போய்விடுகின்றன. போதிய அளவு சேர்ந்ததும் உறைந்ததை இளக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பத்து லட்சத்துக்கு 5 என்று பார்த்தோமே, இங்கே அது நூற்றுக்கு 20, 30 என்ற அளவுக்கு ஏறிவிடுகிறது. வாயுவின் அடர்த்திக் குறைவை இந்த ஏற்றம் ஈடுகட்டிவிடுகிறது.

அமெரிக்காவில் பிரின்ஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஹாப்பர், கோர்டன் கேட்ஸ் குழுவும் ஸ்டோனி புரூக்கைச் சேர்ந்த மிச்செல் ஆல்பர்ட், ஆர்னால்டு விஷ்னியா குழுவும் சேர்ந்து 1994-ல் 'நேச்சர்' இதழில் முதல் படத்தை வெளியிட்டார்கள். அது எலியின் நுரையீரல். மனிதர்களில் முதலில் ஹீலியம்-3 என்ற வாயுவைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள், அதில் படம் இன்னும் துலக்கமாக வரும். ஆனால் ஹீலியம்-3 கிடைப்பது அணு ஆயுதங்களுக்காகச் சேர்த்துவைத்த ட்ரிடியம் சிதையும்போது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு துறைமுகங்களில் அணுப்பொருள் சோதிக்கும் கருவிகளுக்கு அது பெருமளவில் போய்விட, பற்றாக்குறை வந்து விலை ஏறியது. ஆராய்ச்சியாளர்கள் செனானுக்கு மாறினார்கள். செனான் காற்றிலிருந்தே கிடைப்பதால் என்றைக்கும் தீர்ந்துபோகாது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நுரையீரல் காற்றோட்டத்தைப் பார்க்க 'செனோவியூ' என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

பதினைந்து நொடிக்குள் ஒரு படம்

இந்த ஸ்கேன் நடக்கும் விதத்தை ஒரு டெக்னீஷியன் கண்ணோடு சொல்கிறேன். செனான் கருவின் அதிர்வெண் ஹைட்ரஜனுடையது அல்ல. 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜன் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் பேசும், செனான் சுமார் 17.7-ல் பேசும். அதனால் எங்களிடம் இருக்கும் வழக்கமான காயில், அதாவது சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள், உதவாது. செனானுக்கென்றே சுருதி சேர்த்த காயிலை நோயாளியின் மார்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். மெஷினிலும் ஹைட்ரஜன் அல்லாத கருக்களைக் கேட்கும் வசதி இருக்க வேண்டும்.

பக்கத்து அறையில் வாயு தயாரானதும் பையை எடுத்துக்கொண்டு வேகமாக வர வேண்டும். ஏற்றிய காந்தத்தன்மை நேரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே இருக்கும். பையில் செனானோடு நைட்ரஜன் கலந்திருக்கும், மொத்தம் கால் லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை. உயரத்தையும் நுரையீரல் அளவையும் பார்த்து இது தீர்மானமாகிறது. படுத்திருப்பவர் இயல்பாக மூச்சை விட்டுவிட்டு, பையின் குழாயை வாயில் வைத்து முழுதும் உறிஞ்சி 10 முதல் 15 நொடி பிடித்துக்கொள்கிறார். அதற்குள் படம் முடிந்தாக வேண்டும். நுரையீரலில் உள்ள பிராணவாயுவே செனானின் காந்தத்தன்மையை அழித்துவிடும் என்பதால் உள்ளே அதற்கு 20 நொடி அளவுதான் ஆயுள். ஹைட்ரஜன் படத்தில் ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் சமிக்ஞை தானாக மீண்டு வரும், சரியாக வரவில்லை என்றால் திரும்ப எடுப்போம். செனானில் தட்டத் தட்ட இருப்பு கரையும், மீளாது. கெட்டுப்போனால் மறுபடி ஒரு பை தயாரிக்க வேண்டும்.

அந்த ஒரு மூச்சில் பிராணவாயு இல்லாததால் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் அளவு சற்று இறங்கி, இரண்டு மூன்று மூச்சு விட்டதும் ஏறிவிடும். அதனால் நர்ஸும் டாக்டரும் பக்கத்திலேயே நிற்பார்கள். சிலருக்கு லேசான தலைசுற்றல், தலைவலி, தொண்டை வலி வரலாம். செனானின் மயக்கும் குணம் சில நொடிகளில் மறைந்துவிடும். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிர் கிடையாது. அதனால் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் திரும்பத் திரும்ப எடுத்து ஒப்பிடலாம். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு இது பெரிய வசதி.

படத்தைப் பார்த்தால் பெரியப்பாவின் பட்டறை எனக்கு நினைவுக்கு வரும். நூல் கட்டை எங்கே இறுக்கிக் கட்டியிருக்கிறதோ அந்த இடத்துக்குள் சாயம் இறங்காது. அவிழ்த்துப் பார்த்தால் அங்கே மட்டும் வெள்ளைத் திட்டு நிற்கும். செனான் படத்திலும் அப்படியே, காற்று இறங்கிய இடமெல்லாம் பிரகாசமாக இருக்க, குழல் இறுகிய இடத்துக்கு அப்பால் கறுப்புத் திட்டு நிற்கும். ஆரோக்கியமானவருக்கு இரண்டு நுரையீரலும் ஒரே சீராக நிறைந்து தெரியும். ஆஸ்துமாக்காரருக்கு அங்கங்கே துண்டு துண்டாகக் கறுத்திருக்கும். மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு காற்று போகாமல் கிடக்கிறது என்று கணினி கணக்கிட்டு ஒரு எண்ணாகத் தந்துவிடும். இன்ஹேலர் கொடுத்த பிறகு திரும்ப எடுத்தால் எந்தத் திட்டு திறந்தது, எது திறக்கவில்லை என்று பார்க்கலாம். ஊதிக் காட்டும் டெஸ்ட் மொத்த நுரையீரலுக்கும் சேர்த்து ஒரு கணக்கைச் சொல்கிறது. இந்தப் படம் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

காற்றுப் பையைத் தாண்டி

எனக்கு இதில் மிகவும் வியப்பாக இருப்பது அடுத்த கட்டம். இழுத்த செனானில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு காற்றுப் பையின் மெல்லிய சுவரில் கரைந்து, அதைக் கடந்து ரத்தச் சிவப்பணுவுக்குள்ளும் போகிறது. பிராணவாயு போகும் அதே வழி. போகிற இடத்துக்கு ஏற்ப அதன் அதிர்வெண் நகர்கிறது. காற்றில் இருப்பதைவிடச் சுவரில் கரைந்த செனான் பத்து லட்சத்துக்கு சுமார் 198 பங்கு தள்ளி ஒலிக்கும், சிவப்பணுவில் உள்ளது சுமார் 217 பங்கு தள்ளி ஒலிக்கும். ஆக ஒரே மூச்சில் காற்றில் எவ்வளவு, சுவரில் எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனிப் படமாகப் பிரித்துவிடலாம். நுரையீரல் தழும்பேறித் தடித்த நோயில் சுவரில் செனான் அதிகமாகத் தங்கும், சிவப்பணுவுக்குப் போய்ச் சேருவது குறையும். எஃப்.டி.ஏ. 2022-ல் தந்த ஒப்புதல் காற்றோட்டம் பார்ப்பதற்கு மட்டும்தான். இந்த மூன்று படப் பரிசோதனை ஆராய்ச்சிகளில் விரிவாக நடந்துவருகிறது.

கொரோனா காலத்தில் இதன் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. வூஹானில் நோய் தீர்ந்து வீடு திரும்பியவர்களுக்குச் செனான் ஸ்கேன் செய்து, வாயுப் பரிமாற்றம் இன்னும் குறைபட்டிருப்பதைச் சீன விஞ்ஞானிகள் 'சயின்ஸ் அட்வான்ஸஸ்' இதழில் எழுதினார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபெர்கஸ் கிளீசனும் ஷெஃபீல்டின் ஜிம் வைல்டும் சேர்ந்த குழு, சி.டி.யில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாத நோயாளிகளிடமும் செனான் படத்தில் கோளாறு தெரிவதை அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டியது. மாதக்கணக்கில் இளைப்போடு அலைந்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லை, பயம்தான்" என்று கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்களுக்கு அது முதல் சாட்சி. பெரியப்பாவின் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூருக்கு வந்த டிராவர்ஸ்

நான் வேலை பார்த்த எந்த ஸ்கேன் சென்டரிலும் இதுவரை ஒரு டாக்டர்கூடச் செனான் எம்.ஆர்.ஐ. எழுதி அனுப்பியதில்லை. காரணம் எளிதில் புரிகிறது. லேசரும் ரூபிடியமும் கொண்ட தயாரிப்புக் கருவி தனி, காயில் தனி, மெஷினில் கூடுதல் வசதி தனி. வாயுவைத் தயாரித்துக் கைமேல் கொண்டுவர இயற்பியல் தெரிந்த ஆட்கள் வேண்டும். செனானின் விலையும் அதிகம், செனான்-129-ஐச் செறிவூட்டிய வாயு இன்னும் அதிகம். மூலைக்கு மூலை வைக்கக்கூடிய சாதனம் இல்லை இது.

ஆனால் நமக்கு எட்டாத விஷயம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வாயுவின் கதையில் தென்னிந்தியாவுக்குத் தொடக்கத்திலிருந்தே பங்கு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா ஆராய்ச்சி நிறுவனம் தொடங்க நினைத்தபோது, அதற்கு இடம் பார்க்க 1900-ல் இந்தியா வந்து சுற்றிப் பெங்களூரைப் பரிந்துரைத்தவர் செனானைக் கண்டெடுத்த அதே ராம்சே. அப்படி 1909-ல் உருவான இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அதே டிராவர்ஸ். அந்த வளாகத்தில்தான் 1951-ல் ஜி. சூர்யன் ஓடும் திரவத்தில் அணுக்கருவின் காந்தச் சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் முறைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். 1975-ல் சூரிச்சில் ரிச்சர்ட் எர்ன்ஸ்டோடு சேர்ந்து, இன்றைய எம்.ஆர்.ஐ. படங்கள் உருவாகும் கணித முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அனில் குமார். அவரும் பிறகு பல ஆண்டுகள் இதே பெங்களூர் நிறுவனத்தில் பணியாற்றினார். நான் தினமும் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

செனானும் நமக்குப் புதிதில்லை. 2017 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிசாட்-9 செயற்கைக்கோளை இஸ்ரோ செனான் வாயுவில் இயங்கும் மின் உந்துவிசையோடு அனுப்பியது. விண்வெளிக்குக் கொண்டுபோக முடிந்த வாயுவை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாதா?

எந்த மருத்துவமனை என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் உண்டு. வாலாஜாபாத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டு வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியம் வரும். டாக்டர் டேவிட் சவரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரிந்த இடம். உலகத்தின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் தழும்பேறிய நுரையீரலோடு இளைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களுடைய நுரையீரலில் இன்னும் வேலை செய்யும் பகுதி எது, செத்துப்போன பகுதி எது என்று சொல்ல இந்தப் படத்தைவிட நல்ல வழி குறைவு. விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த பெண்களும் அப்படித்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அடுப்புப் புகையின் பாதிப்பைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிப் பெண்களுக்குக் கேஸ் அடுப்பு கொடுத்து நடந்த பன்னாட்டு ஆய்விலும் அவர் பங்கு பெரியது. இத்தகைய ஆய்வுகளோடு செனான் படமும் சேர்ந்தால் புகை நுரையீரலின் எந்தெந்த இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

மருத்துவ ஆராய்ச்சியில் உலகத்துக்கு வழி காட்டிய அனுபவமும் சென்னைக்கு இருக்கிறது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோயாளி அதே அளவு குணமாகிறார் என்று நிரூபித்தது. அதன் பிறகு பல நாடுகள் தங்கள் சிகிச்சை முறையையே மாற்றிக்கொண்டன. அந்த ஊரில் ஒரே ஒரு செனான் மையம் வந்தால் போதும். வசதி உள்ளவர்களுக்கான பரிசோதனையாக அது ஆகிவிடாமல், அரசு மருத்துவமனையில், இளைப்புக்கு விடை கிடைக்காதவர்களுக்கு முதலில் என்று வைக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

செனான் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்து, எக்ஸ்ரே நார்மல் என்று வந்திருந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்பைரோமெட்ரி செய்தாயிற்றா என்று கேளுங்கள். குழாயில் பலமாக ஊதச் சொல்லும் எளிய டெஸ்ட் அது. குழல் சுருங்கியிருப்பதை எக்ஸ்ரேயைவிட நன்றாகக் காட்டும். அதுவும் சரியாக இருந்தால், காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. டெஸ்ட் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் கதிரியக்கப் பொருளால் பார்க்கும் வி.க்யூ. ஸ்கேனும் உண்டு. எந்த வாயுவும் கொடுக்காமல், சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே சாதாரண எம்.ஆர்.ஐ.யில் நுரையீரலின் காற்றோட்டத்தைக் கணக்கிடும் முறைகளையும் உலகெங்கும் சோதித்துவருகிறார்கள். செனான் அளவுக்கு நுணுக்கம் இல்லாவிட்டாலும், நம் ஊர் மெஷின்களில் அவை விரைவில் வர வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாயப்பட்டறை, செங்கல் சூளை, அரிசி ஆலை, விறகடுப்பு, எதுவானாலும் எத்தனை காலம் அங்கே நின்றீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் பெரியப்பாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு நான் கூட்டிக்கொண்டு போனபோது ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். குழல்கள் சுருங்கியிருப்பது எண்ணில் வந்தது. இன்ஹேலர் கொடுத்தார்கள், பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தினார், நடமாட்டம் கொஞ்சம் திரும்பியது.

மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அதுதான் முதல் அத்தாட்சி. படம் அதற்கு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் படத்துக்கு எட்டாத இடத்தில் நோய் இருக்கலாம். செனானைப் படித்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. இதற்கு மெஷின் தேவையில்லை, இன்றைக்கே நம் டாக்டர்களும் நாங்களும் கடைப்பிடிக்கலாம். மெஷின் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அதைப் பட்டறையில் நின்றவர்களும் அடுப்படியில் நின்றவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.